நீட்டுவது எதை?

'நீட்டிக்கப்பட்டது' என்று கண்டால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கு விண்ணப்பத்தின் கடைசித் தேதிதான். புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் கற்றுத்தரும் இணையக் காணொளிகளின் தமிழ் வசன வரிகளில் 'நீட்டிக்கப்பட்ட நுட்பங்கள்' என்று இதோடு எத்தனை முறை படித்தேனோ தெரியாது. இனி எழுதாமல் இருக்க முடியாது.

எக்ஸ்டெண்டட் டெக்னிக்ஸ் என்பதைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். லத்தீனில் 'எக்ஸ்' வெளியே, 'டெண்டெரே' இழுத்தல். வேர் அவ்வளவுதான். இசையில் இதற்குப் பொருள், ஒரு கருவியை வழக்கமாக வாசிக்கும் முறையைத் தாண்டி ஒலி எடுப்பது. மேற்கத்தியக் குழலின் துளைகளை அடைக்கும் மூடிகளை (ஆங்கிலத்தில் 'கீ') தட்டிச் சத்தம் எழுப்புவது (1936இலேயே இசையமைப்பாளர் வரேஸ் தனிப் புல்லாங்குழலுக்கு இதை எழுதிவிட்டார்), நாக்கை 'ர்ர்ர்' என்று உருட்டிக்கொண்டே ஊதுவது, ஊதியபடியே பாடுவது எல்லாம் இதில் சேரும்.

இதில் நீள்வது எது? ஊதுபவருக்கு நீட்டுவது என்றால் ஒரே சுரத்தை மூச்சு தீரும்வரை பிடிப்பது. அது தொடக்கப் பாடம். புதிதாகக் கற்பவர் அந்தத் தலைப்பைப் பார்த்து அதைத்தான் எதிர்பார்ப்பார். சரி, 'விரிவாக்கப்பட்ட' என்று போடலாமே என்பார்கள். விரிவாக வாசித்தார் என்றால் நம் இசைப் பேச்சில் ராகத்தை விரித்தார் என்று பொருள். அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. 'மேம்பட்ட' அதைவிட மோசம். மூடியைத் தட்ட என்ன மேம்பாடு வேண்டும்? குழலைக் கையில் எடுத்த அன்றே தட்டலாம். அப்புறம், இந்த '-பட்ட' வால் இல்லாமல் ஒரு கலைச்சொல்லும் பிறக்காதா?

நான் 'வழக்குகடந்த வாசிப்பு' என்கிறேன். வழக்கு என்றதும் நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் சிரித்தார். பேச்சு வழக்கு, உலக வழக்கு என்று படித்தவர்களுக்கு வராது.

உள்ளே போனால் இன்னும் கூத்து. மல்டிஃபோனிக்ஸ் 'பலகுரல்' ஆகியிருக்கிறது. பலகுரல் என்றால் நடிகர்களைப் போலப் பேசிக் காட்டுவது ஐயா! இது வேறு. துளைகளை மூடி, நடுவே ஒன்றை மட்டும் திறந்துவிட்டால், குழல் ஒரே சமயத்தில் இரண்டு நீளமுள்ளதுபோல நடந்துகொள்ளும். உதட்டின் பிடியும் காற்றின் வேகமும் சரியாக அமைந்தால் இரண்டு சுரங்கள் உரசிக்கொண்டு சேர்ந்து வரும். கொஞ்சம் பிசகினால் ஒன்று நழுவி மற்றது மட்டும் நிற்கும். 'பல்லொலி' போதும், பல் ஞாபகம் வந்தாலும் பரவாயில்லை. 1967இல் இத்தாலிய இசையமைப்பாளர் பார்த்தலோட்சி, புல்லாங்குழல், கிளாரினெட் போன்ற மரக்காற்றுக் கருவிகளுக்கான இந்த விரலமைப்புகளைத் தொகுத்து நூலாக்கினார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஓர் இணையக் கருவி, வேண்டிய சுரங்களைக் கொடுத்தால் புல்லாங்குழலுக்கான விரலமைப்பைத் தேடித் தருகிறது. தேடுவதற்கு ஒழுங்கான ஒரு தமிழ்ச் சொல்தான் நம்மிடம் இல்லை.

நேற்று ஒரு காணொளி. ஆசிரியர் காற்றே விடாமல் விரலால் மூடியைத் 'தொப்'பென்று தட்டிக் காட்டுகிறார். கீழே ஓடிய வரி: 'இப்போது சாவியைச் சொடுக்குங்கள்.'