லடாக்கில் இரவு குளிர்வதும் கடலூரில் புழுங்குவதும்

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தம்பி மகன் ராணுவத்தில் சேர்ந்து லடாக்கின் லே நகரில் இருக்கிறானாம். "பெரியப்பா, மத்தியானம் வெயில் தோலை உரிக்குது. நிழலுக்குள்ள வந்தா சில்லுனு இருக்கு. ராத்திரி ஸ்வெட்டர் இல்லாம முடியாது. வேர்வையே மறந்துபோச்சு" என்கிறானாம். அதே சூரியன்தானே, நமக்கு மட்டும் ஏன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் புழுங்குகிறது என்பது அவர் கேள்வி. ஓய்வுக்குப் பிறகு அங்கேயே போய்விடலாமா என்றும் கேட்கிறார்.

பள்ளியில் படித்ததை வேகமாகக் கடந்துவிடுவோம். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பருவமழையை இமயமலை தடுத்துவிடுவதால் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவே மழையும் பனியும் சேர்ந்து கிடைக்கும். அதனால் அது குளிர்ப் பாலைவனம். அப்பளம் நமத்துப்போகாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடாது.

வேர்வை விஷயமும் எளிதுதான். ஒரு கிராம் வேர்வை ஆவியாகும்போது உடம்பிலிருந்து சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஆவியாகாமல் வழிந்தால் சட்டை நனைவதுதான் மிச்சம். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிப் பாருங்கள். 35 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அது 30 டிகிரி வரைதான் இறங்கும். ஈரப்பதம் 10 சதவீதம் என்றால் 16 டிகிரிக்கு அருகில் போய்விடும். இந்த ஈரக்குமிழ் அளவைத்தான் அன்றாட வானிலைச் செய்தியில் முதலில் சொல்ல வேண்டும் என்பேன். ராசிபலனுக்கு அரைப்பக்கம் ஒதுக்குகிறவர்களிடம் இதற்கு ஒரு வரி கேட்பது பேராசை இல்லை.

எனக்குப் பிடித்த பகுதி இரவு. பகல் முழுக்கச் சூடேறிய மொட்டை மாடி இருட்டில் சும்மா இருப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசிக்கொண்டே இருக்கிறது. 27 டிகிரியில் இருக்கும் தரை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 460 வாட் வீதம் வெப்பத்தை மேலே அனுப்புகிறது. அத்தனையும் விண்வெளிக்குத் தப்பிவிட்டால் கடலூரிலும் ஐஸ் உறைந்துவிடும்! தப்பவிடாதது நீராவி. காற்றில் பெரும்பங்கான நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்த ஒளியைக் கண்டுகொள்வதில்லை. நீராவி அதை விழுங்கித் தானும் சூடாகி, ஒரு பங்கைத் தரைக்கே திருப்பி வீசுகிறது.

ஆனால் அதில் ஓர் இடைவெளி இருக்கிறது. 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களை நீராவி பெரும்பாலும் விட்டுவிடும். நம் தரை மிக அதிகமாக ஒளிர்வதோ 10 மைக்ரோமீட்டரை ஒட்டி, அந்தச் சந்துக்குள்ளேயே! லடாக்கில் அது அகலத் திறந்திருக்கிறது. லடாக்கின் உயரமான ஹான்லே பகுதியில் தலைக்கு மேலுள்ள நீராவி முழுவதையும் தண்ணீராக்கினால் ஆண்டின் பெரும்பகுதியில் 2 மில்லிமீட்டர்கூடத் தேறாது. நம் கடற்கரையில் ஈரமான மாதங்களில் 50 மில்லிமீட்டர் வரும். அவ்வளவு நெருக்கத்தில் அந்தச் சந்தும் பாதி அடைபட்டுவிடுகிறது.

அடைபடாமல் தரை குளிரத் தொடங்கினாலும் இன்னொரு தடை வரும். கடலூர் மே மாதக் காற்றின் பனிப்புள்ளி, அதாவது ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரி வாக்கில் இருக்கும். வெப்பம் அங்கே இறங்கியதும் ஆவி நீராகி, வேர்வை எடுத்துப் போன அதே வெப்பத்தைத் திருப்பிக் கொட்டும். குளிர்ச்சி அங்கேயே நின்றுவிடும். லடாக்கின் பனிப்புள்ளி பல மாதங்கள் பூஜ்யத்துக்கும் கீழே கிடப்பதால் தடுக்க ஆளில்லை.

நிலா வெளிச்சம் குளிர்ச்சி என்று நம் வீடுகளில் சொல்கிறார்கள். நிலா பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது பளிச்சென்று தெரிகிற வானம் மேகமில்லாத வானம், வெப்பம் தப்புவது அந்த வழியாக. மார்கழியில் பனி தலையில் இறங்குகிறது என்று துண்டு கட்டுகிறோமே, அதுவும் மேலிருந்து விழுவதில்லை. குளிர்ந்த பரப்பில் பக்கத்துக் காற்றின் ஆவி படிவதுதான். வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் லண்டனில் எடைபோட்ட கம்பளிப் பஞ்சைத் திறந்த வெளியில் கொஞ்சமும் பலகைக்கு அடியில் கொஞ்சமும் வைத்துப் பார்த்தார். திறந்த வெளியில் இருந்ததில்தான் பனி அதிகம். 1814-இல் நூலாகவே எழுதினார்.

அவருக்கு முன்பே இந்த வித்தையைத் தொழிலாகச் செய்தவர்கள் நம் நாட்டுக்காரர்கள். அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில் பள்ளம் தோண்டி, கரும்புத் தட்டை பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண்தட்டுகளில் தண்ணீர் வைத்து ஐஸ் எடுத்தார்கள். ராபர்ட் பார்க்கர் 1775-இல் அதைப் பதிவு செய்தார். காற்று உறைநிலைக்கு மேல் இருந்தும் தண்ணீர் உறைந்தது. மேகம் மூடினாலோ காற்று வீசினாலோ உறையவில்லை. மண்தட்டு கசிந்து ஆவியாவதுதான் காரணம் என்று நினைத்தார்கள். முக்கியக் காரணம் வானத்துக்குத் தப்பும் வெப்பம் என்று விளக்கியவர் வெல்ஸ்தான்.

வெப்பம் வெளியே போகும் அதே வழியில் நட்சத்திரங்களின் அகச்சிவப்பு ஒளி உள்ளே வருகிறது. ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வான்இயற்பியல் நிறுவனம் 2 மீட்டர் தொலைநோக்கி வைத்திருப்பதற்கு இருட்டோடு இந்த வறட்சியும் காரணம். 2022-இல் அந்தப் பகுதி, இரவு வானத்தைச் செயற்கை வெளிச்சத்திலிருந்து காக்கும் இருள்வானக் காப்பகமானது. ஆளில்லாத மலையில் இவ்வளவு பணமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அப்படிப்பட்ட வானம் நாட்டில் வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது. இன்னும் செலவழிக்கலாம்.

இனி, குடியேறும் கேள்வி. ஜனவரி இரவில் மைனஸ் 10-க்குக் கீழே போவது அங்கே சாதாரணம், குழாய்த் தண்ணீர் உறையும். உதடும் மூக்கும் வெடிக்கும். ரத்த அழுத்தமோ இதயத் தொல்லையோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். யாராயினும் விமானத்தில் இறங்கிய முதல் இரண்டு நாள் படுத்தே கிடக்க வேண்டும். வீட்டை விற்காமல் ஒரு மாதம் தங்கிப் பாருங்கள், ஜூனிலிருந்து செப்டம்பருக்குள். ஹான்லே லேயிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். அங்கும் போவதாக இருந்தால் அமாவாசையை ஒட்டி டிக்கெட் போடுங்கள்.