நரம்பியல் சத்திரசிகிச்சை படிக்க ஆசையா? மூன்றாம் வருடத்திலேயே தொடங்கவேண்டிய வேலைகள்

மருத்துவபீடத்தின் ஒவ்வொரு அணியிலும் ஓரிருவராவது இறுதி வருடத்தில் வந்து, "சேர், நியூரோசேர்ஜரி செய்ய விருப்பம். என்ன செய்யவேணும்?" என்று கேட்பார்கள். ஆர்வம் உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு பட்டியல்: எந்தப் பரீட்சை, எத்தனை ஆய்வுக்கட்டுரை, எந்த நாடு. அந்த விபரங்களையும் கீழே தருகிறேன். அதற்கு முதல் ஒன்று சொல்லவேண்டும். இந்தத் துறைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர் இதன் நோயாளிகளை, அவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் பார்த்திருக்கவேண்டும். தியேட்டருக்குள் ஒரு நாள் நின்று மூளையைப் பார்த்த பரவசத்தில் எடுக்கும் முடிவு பயிற்சியின் நடுவே ஆட்டம் காணும்.

யாழ்ப்பாணத்தில் எங்களிடம் வருகிறவர்கள் யார்? தலைக்கவசம் ஒழுங்காகப் பூட்டாமல் மோட்டார் சைக்கிளில் போய் விழுந்த இளைஞர்கள். பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்து முள்ளந்தண்டு முறிந்த சீவல் தொழிலாளிகள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வீட்டில் தனியே இருந்து குளியலறையில் சறுக்கி விழுந்த அம்மம்மாமார். இவர்களோடு மூளைக் கட்டிகள், இரத்தக் கசிவுகள், தலையில் நீர் சேரும் குழந்தைகள்.

அந்த அம்மம்மாவை எடுத்துக்கொள்வோம். விழுந்த அன்று ஒன்றுமில்லை. சில வாரங்கள் கழித்து நடை தள்ளாடுகிறது, பேச்சு குழம்புகிறது, சமைத்ததை மறந்து திரும்பவும் அடுப்பை மூட்டுகிறார். அயலவர்கள் "வயசு போட்டுது" என்கிறார்கள். இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் ஆபத்து இன்னும் கூட. சி.ரி. ஸ்கான் எடுத்துப் பார்த்தால் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையில் பழைய இரத்தம் மெதுவாகச் சேர்ந்து மூளையை அமுக்கிக்கொண்டிருக்கும். மண்டையோட்டில் சிறு துளைகள் இட்டு அதை வடியவிட்டால் பலர் சில நாட்களிலேயே பழைய ஆளாகிவிடுகிறார்கள். இப்படி ஒருவர் எழுந்து பேசுவதைப் பார்த்த மாணவருக்கு இந்தத் துறையில் ஆசை வராமல் இருக்காது.

ஆனால் அதே விடுதியில் இன்னொரு கட்டிலில் இருக்கும் இளைஞனையும் பாருங்கள். உயிர் தப்பிவிட்டான், நடக்கிறான், சாப்பிடுகிறான். வீட்டுக்குப் போய் மூன்று மாதத்தில் தாய் கிளினிக்குக்கு வந்து சொல்வார்: "ஆள் மாறிப்போனான் சேர். முந்தி இப்பிடிக் கோவப்படமாட்டான்." நெற்றிப்பகுதி மூளை அடிபட்டால் குணம் மாறலாம் என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிடும். அந்த ஒரு வரியோடு ஒரு குடும்பம் வருடக்கணக்கில் வாழ்கிறது. பனையால் விழுந்தவரின் கதையும் அப்படித்தான். முள்ளந்தண்டைத் திருகாணி போட்டு நிமிர்த்திய பிறகு, படுக்கைப் புண், சிறுநீர்க் குழாய், உழைப்பு இழந்த வீடு என்று எல்லாம் அப்போதுதான் தொடங்குகின்றன.

அதனால் மூன்றாம், நான்காம் வருட மாணவர்களிடம் நான் கேட்பது இதுதான். சத்திரசிகிச்சை அப்பொயின்மென்ற் (விடுதிப் பயிற்சிச் சுற்று) நடக்கும்போது தலைக்காயமோ முள்ளந்தண்டுக் காயமோ உள்ள சில நோயாளிகளைத் தெரிந்தெடுங்கள். அவர்களைத் தினமும் பரிசோதித்து எழுதுங்கள். வீட்டுக்குப் போன பிறகு கிளினிக் வரும் நாட்களில் நீங்களும் வந்து நில்லுங்கள். அவர்களும் பொறுப்பான வைத்தியரும் சம்மதித்தால் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். ஆறு மாதம் இதைச் செய்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் நீங்கள் இந்த வேலைக்கு உரியவர். குறைந்துவிட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நரம்பியல், மயக்கவியல், புனர்வாழ்வு மருத்துவம் எல்லாவற்றுக்கும் இந்த ஆறு மாதம் உதவும்.

பரிசோதனை என்று சொன்னேன். இதில்தான் மாணவர்கள் மிகவும் பின்தங்கி நிற்கிறார்கள். நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலை (ஜி.சி.எஸ்.) 1974இல் டீஸ்டேலும் ஜெனட்டும் வெளியிட்டார்கள். கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15 என்று எல்லா மாணவருக்கும் மனப்பாடம். ஆனால் கட்டிலருகே நின்று, வலிக்குக் கையை இழுத்துக்கொள்வதற்கும் வலிக்கும் இடத்தைத் தேடிக் கையைக் கொண்டுவருவதற்கும் உள்ள வித்தியாசத்தை உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் சிலர்தான். முதலாவதற்கு 4, இரண்டாவதற்கு 5. இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் "ஜி.சி.எஸ். 9" என்று மட்டும் சொன்னால் எனக்கு அது போதாது. கண் எத்தனை, பேச்சு எத்தனை, அசைவு எத்தனை, ஒரு மணித்தியாலத்துக்கு முன் எவ்வளவு இருந்தது, கண்மணிகள் சமமா என்று தெரியவேண்டும். நோயாளியை அவசரமாகத் தியேட்டருக்குக் கொண்டுபோவதா என்பது பல வேளைகளில் இந்த விபரங்களில்தான் தங்கியிருக்கிறது. முள்ளந்தண்டுக் காயத்திலும் அப்படித்தான். எந்த மட்டத்துக்குக் கீழே உணர்வு இல்லை என்பதை உடம்பில் கோடு போட்டுக் காட்டப் பழகுங்கள். முலைக்காம்பு நான்காவது, தொப்புள் பத்தாவது நெஞ்சு நரம்பு மட்டம் என்பதை வைத்துத் தொடங்கலாம்.

இங்கே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று சொல்லவேண்டும்: சிங்களம் படியுங்கள். பட்டப்பின் பயிற்சியின் பெரும்பகுதி கொழும்பிலும் தெற்கிலுள்ள மற்றப் பெரிய வைத்தியசாலைகளிலும்தான் கழியும். நோயாளி தெளிவாகப் பேசுகிறாரா, குழம்பிப் பேசுகிறாரா என்பது பேச்சுப் புள்ளி 5ஆ 4ஆ என்பதைத் தீர்மானிக்கிறது. அவர் பேசும் மொழி விளங்காமல் அதை எப்படி மதிப்பிடுவது? தாதியிடம் கேட்டு எழுதலாம்தான். ஆனால் ஒரு தந்தையிடம் மகனின் மண்டையோட்டைத் திறக்கச் சம்மதம் கேட்கும்போது இடையில் இன்னொருவர் நிற்கக்கூடாது. பீடத்தில் இருக்கும் ஐந்து வருடத்தில் தினமும் கொஞ்சம் பழகினாலே போதும்.

சரி, இனிப் பாதை. இலங்கையில் வைத்திய நிபுணராவதற்கு ஒரே வழி கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் படிப்பு மருத்துவ நிறுவகம், எல்லோரும் சொல்கிற பி.ஜி.ஐ.எம். ஐந்து வருட எம்.பி.பி.எஸ்., பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அதன்பின் நாட்டுக்குள் குறைந்தது ஒரு வருடச் சேவை. இதற்குப் பிறகுதான் சத்திரசிகிச்சைக்கான தெரிவுப் பரீட்சை. அதில் தேறி, ரெஜிஸ்ட்ராராக, அதாவது பயிற்சி வைத்தியராகப் பயின்று, எம்.டி. பட்டம் முடித்து, சீனியர் ரெஜிஸ்ட்ராராகி, வெளிநாட்டுப் பயிற்சியும் முடித்தால்தான் நிபுணர் என்று ஏற்கும் சபைச் சான்றிதழ். எந்த உபதுறை கிடைக்கும் என்பது உங்கள் தகுதி வரிசையிலும் அந்த வருடம் எத்தனை இடங்கள் உள்ளன என்பதிலும் தங்கியிருக்கிறது. விதிகள் அவ்வப்போது மாறும். அதனால் சீனியர் சொன்னதை மட்டும் நம்பாமல் நிறுவகத்தின் இணையத்தளத்தில் அந்த வருடத்துக் கையேட்டை எடுத்து நீங்களே வாசியுங்கள். உள்ளகப் பயிற்சியின் இரண்டு ஆறுமாதங்களில் ஒன்றைச் சத்திரசிகிச்சையில் கழிக்கப் பாருங்கள். இடங்கள் தகுதிப் பட்டியல் வரிசையில் கொடுக்கப்படுவதால் இறுதிப் பரீட்சைப் புள்ளிகளுக்கு இங்கேயும் பெறுமதி உண்டு.

இந்தப் பரீட்சைகளில் பலரை விழுத்துவது முதலிரண்டு வருடத்தில் படித்துவிட்டு மூட்டை கட்டி வைத்த அடிப்படை விஞ்ஞானம். மறந்துபோன உடற்கூற்றியலை வேலைக்கு நடுவே, இரவுக் கடமைக்கு நடுவே திரும்பப் படிப்பது கடினம். அதற்கு ஒரு வழி இருக்கிறது: நோயாளியைப் பார்த்த அன்றே அடிப்படைக்குப் போங்கள். காதுக்கு முன்னே அடிபட்ட பையன், வந்தபோது நன்றாகப் பேசினான், ஒரு மணித்தியாலத்தில் நினைவு தப்பினான். அன்றிரவே நடு மூளையுறை நாடி எந்தத் துளை வழியாக மண்டையோட்டுக்குள் வருகிறது, எந்த இடத்தில் எலும்பு மெல்லியது என்று படியுங்கள். மண்டையோடு மூடிய எலும்புப் பெட்டி. அதற்குள் மூளை, இரத்தம், மூளைத் தண்டுவடத் திரவம் மூன்றும்தான். ஒன்று கூடினால் இன்னொன்று குறையவேண்டும், குறைய இடமில்லாதபோது அழுத்தம் திடீரென ஏறும். மன்றோ கெல்லி கோட்பாடு என்று பரீட்சைக்குப் படித்த அதே விடயம் அந்தப் பையனின் விரிந்த கண்மணியில் தெரியும். இப்படிப் படித்தது மறக்காது.

பலர் இதோடு பிரித்தானிய சத்திரசிகிச்சைக் கல்லூரிகளின் உறுப்பினர் பரீட்சையான எம்.ஆர்.சி.எஸ்.ஸையும் எழுதுகிறார்கள். அதன் முதற்பகுதியில் இரண்டு தாள்கள், மொத்தம் 300 கேள்விகள். அதில் 180 பிரயோக அடிப்படை விஞ்ஞானம். இரண்டுக்குமான படிப்பு பெருமளவு ஒன்றேதான்.

கை பழகுவதைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். மாணவப் பருவத்தில் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. முடிச்சு, தையல், கருவிகளைச் சரியாகப் பிடித்தல், அசையாமல் நிற்றல், இவை போதும். நுண்சத்திரசிகிச்சையில் ஆர்வம் இருந்தால் கோழிச் செட்டையிலும் தொடையிலும் உள்ள இரத்தக் குழாய்களைத் தைத்துப் பழகலாம். உலகில் பல பயிற்சிக் கூடங்களில் தொடக்கத்தில் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு பெருக்கிக் கண்ணாடி, மெல்லிய தையல் நூல், சந்தையில் வாங்கிய கோழி. தியேட்டரில் கிடைக்கும் நேரத்தில் கருவியைவிட மனிதர்களைக் கவனியுங்கள். எதிர்பாராமல் இரத்தம் கசியும்போது நிபுணர் என்ன செய்கிறார், யாரிடம் என்ன கேட்கிறார், எப்போது நிறுத்துகிறார் என்று பாருங்கள்.

ஆய்வு பற்றி எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. பெயருக்காகப் பத்துப்பேரோடு சேர்ந்து எழுதிய ஐந்து கட்டுரைகளைவிட, நீங்களே கேள்வி கேட்டு நீங்களே தரவு சேர்த்த ஒன்று பெரிது. நேர்முகத்தில் "இதில் உங்கள் பங்கு என்ன?" என்று ஒருவர் கேட்டால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். தலைக்காயத்தோடு வந்தவருக்கு சி.ரி. எடுக்க எவ்வளவு நேரம் ஆனது, தீவுப்பகுதியிலிருந்தும் வன்னியிலிருந்தும் வருபவர்கள் எவ்வளவு தாமதிக்கிறார்கள், தலைக்கவசம் அணிந்திருந்தவர் எத்தனை பேர் என்று எங்கள் ஊருக்கே உரிய கேள்விகள் நிறைய உண்டு. மருத்துவபீடத்தின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி எடுத்து ஒழுங்காகச் செய்யுங்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை: நோயாளியின் பெயர் தெரியும் ஸ்கான் படங்களைப் படிப்புக்கென்று வட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் பரவி வருகிறது. அது நோயாளியின் நம்பிக்கையை மீறுவது. படம் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் செய்யாதீர்கள்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு. அமெரிக்காவில் நரம்பியல் சத்திரசிகிச்சை ரெசிடன்சி (நிபுணர் பயிற்சி) 7 வருடம். வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் எடுத்து, ஈராஸ் என்ற இணைய விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பித்து, நேர்முகங்களுக்குப் பின் விண்ணப்பதாரரைப் பயிற்சி இடங்களோடு பொருத்தும் மட்ச் முடிவுக்கு மார்ச் மாதம் வரை காத்திருக்கவேண்டும். 2022 ஜனவரி முதல் அமெரிக்க மருத்துவ உரிமப் பரீட்சையான யு.எஸ்.எம்.எல்.ஈ.யின் ஸ்டெப் 1 வெறும் சித்தி அல்லது சித்தியின்மை. அதனால் ஸ்டெப் 2 புள்ளியும், ஆய்வும், அங்குள்ள நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்கள் தரும் பரிந்துரைக் கடிதங்களும் முன்னைவிடக் கனமாகிவிட்டன. வெளிநாட்டுப் பட்டதாரிகள் அங்கே போய் வருடக்கணக்கில் ஆய்வு செய்த பிறகே விண்ணப்பிப்பது வழக்கம். ஐக்கிய இராச்சியத்தில் நிபுணர் பயிற்சியின் முதல் வருடமான எஸ்.ரி. 1இலிருந்து 8 வருடத் தொடர் பயிற்சி, தேசிய அளவில் ஒரே தெரிவு. தம் நாட்டுப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை என்ற போக்கு அங்கே வலுத்துவருகிறது. இரண்டு இடத்திலும் கதவு மிக ஒடுக்கம். காணியை ஈடுவைத்துப் பரீட்சைக் கட்டணம் கட்டுமுன் இதை வீட்டாருக்கும் விளங்கப்படுத்துங்கள். உள்நாட்டுப் பாதையைக் கைவிடாமல் அதற்கு முயல்வதே நல்லது.

பரிந்துரைக் கடிதம் எங்கே கேட்பது? புகழ்பெற்ற ஒருவரிடம் கேட்டால் நான்கு பொதுவான வரிகள் கிடைக்கும். உங்களை இரவுக் கடமையில் பார்த்தவரிடம், நீங்கள் எழுதிய குறிப்பைத் திருத்தியவரிடம் கேளுங்கள்.

வயதைப் பற்றியும் மறைக்காமல் சொல்லவேண்டும். உயர்தரம் முடித்து, பல்கலைக்கழகம் புக 20, 21 ஆகிவிடும். நிபுணராகும்போது முப்பதுகளின் நடு தாண்டியிருக்கும். இடையில் கலியாணம், பிள்ளைகள், பெற்றோரின் முதுமை எல்லாம் வரும். பெண் பிள்ளைகளிடம் "இது உங்களுக்குச் சரிவராது" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நுணுக்கமும் பொறுமையும் நீண்ட நேரம் நிற்கும் உறுதியும் ஆண்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டவை அல்ல. தடை திறமையில் இல்லை, பயிற்சிக் காலத்தில் வீட்டில் யார் துணை நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அந்தப் பேச்சை விண்ணப்பிக்குமுன்பே வீட்டில் தொடங்குங்கள். மகளோ மகனோ இந்தத் துறையில் இருக்கிறார் என்றால் பெற்றோரும் அந்தச் சுமையில் ஒரு பங்கைச் சுமக்கவேண்டிவரும்.

இப்போது மூன்றாம் வருடத்தில் இருப்பவர், அடுத்த சத்திரசிகிச்சை அப்பொயின்மென்ற் தொடங்கும் முதல் நாளிலேயே உங்கள் அலகின் நிபுணரிடம் போய், கசுவல்ற்றி (அவசர நோயாளிகள்) எடுக்கும் இரவுகளில் வந்து நிற்கலாமா என்று கேளுங்கள். கையில் ஒரு டோர்ச், ஒரு சிறு கொப்பி போதும். தலைக்காயத்தோடு வருபவரின் ஜி.சி.எஸ்.ஸை மூன்று பகுதியாக எழுதி, ரெஜிஸ்ட்ரார் எழுதியதோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் ஏன் என்று அங்கேயே கேளுங்கள்.