பீரோவில் கிடக்கும் கிஃப்ட் கார்டுகள்

போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். வந்தது ஒரு காப்பீட்டுப் பிரச்சினைக்காக. பாலிசித் தாளை எடுக்கப் பையைத் திறந்தபோது ரப்பர் பேண்டு போட்ட நான்கு கிஃப்ட் கார்டுகள் மேஜையில் விழுந்தன. பெங்களூரில் வேலை பார்க்கும் மகளும் மருமகனும் தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் கொடுத்தவை. “அந்தக் கடையெல்லாம் நம்ம ஊர்ல இல்ல சார். வேணாம்னு சொன்னா பொண்ணு மனசு கஷ்டப்படும். அப்படியே வச்சிட்டேன்” என்றார். நான்கும் சேர்த்து 7,500 ரூபாய். இரண்டுக்குத் தேதி முடிந்திருந்தது. ஒன்றுக்கு இன்னும் 19 நாள்தான் பாக்கி.

நான் நுகர்வோர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர். கிஃப்ட் கார்டுக்காக மட்டும் யாரும் என்னிடம் வருவதில்லை. வேறு வேலையாக வந்து, கிளம்பும்போது வாசலில் நின்று கேட்பார்கள். அதற்குள் பெரும்பாலும் தேதி தாண்டியிருக்கும். கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் அந்தக் கார்டுக்கு உண்டான பணத்தை யாரோ ஒருவர் முழுசாகக் கட்டிவிட்டார். கடைக்காரர் கல்லாவில் அது எப்போதோ விழுந்தாயிற்று. நம் கையில் இருப்பது அதற்கான சீட்டு மட்டுமே. நாம் போய்ப் பொருள் வாங்காவிட்டால் கடைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கார்டு கைக்கு வந்ததும் முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள். கடையின் பெயர் மட்டும் இருக்கிறதா, அல்லது ஒரு வங்கியின் பெயரோடு ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் சட்டம் வேறு.

ஒரு நிறுவனம் தன் கடையில் மட்டும் செல்லுபடியாகும்படி தரும் கார்டுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. அதைக் காசாக மாற்றவும் முடியாது. கார்டில் அச்சிட்ட நிபந்தனைதான் பேசும். வங்கியோ, ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நிறுவனமோ பல கடைகளில் பயன்படுத்தும்படி தரும் கார்டு அப்படி இல்லை. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி அத்தகைய கிஃப்ட் கார்டில் அதிகபட்சம் 10,000 ரூபாய் இருக்கலாம், குறைந்தது ஓராண்டு செல்லுபடியாக வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்றும் அதே விதிகளில் இருக்கிறது. தேதி முடிந்த பிறகும் மிச்சப் பணத்தைக் கேட்டு விண்ணப்பித்தால், வழங்கிய நிறுவனம் அதை உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். ஆசிரியை கொண்டுவந்ததில் காலாவதியான ஒரு கார்டு இந்த வகை. அதில் 2,500 ரூபாய் இருந்தது. குப்பையில் போட இருந்தார்.

கடைக் கார்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் அதில்தான் அவசரம் காட்ட வேண்டும். கடைக்குப் போன் செய்து நான்கு கேள்வி கேளுங்கள். மிச்சம் எவ்வளவு? கடைசித் தேதி எது? ஒரே பில்லில் முழுத் தொகையையும் செலவழிக்க வேண்டுமா, பிரித்துப் பிரித்து வாங்கலாமா? ஆன்லைனில் செல்லுமா, கடையில் மட்டுமா? மூன்றாவது கேள்வியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2,000 ரூபாய்க் கார்டில் 1,400 ரூபாய்க்குத் துணி எடுத்துவிட்டு வருவார்கள். அடுத்த முறை போனால் மீதி 600 செல்லாது என்பார்கள். நகைக்கடைக் கார்டாக இருந்தால் தங்க நாணயம் வாங்க அனுமதி உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில கார்டுகளில் கிடையாது.

சரி, அந்தக் கடையே நமக்கு வேண்டாம் என்றால்? என் அனுபவத்தில் சிறந்த வழி, அந்தக் கடையில் எப்படியும் வாங்கப் போகிறவரைச் சொந்தத்திலோ தெருவிலோ தேடுவதுதான். அண்ணன் மகளுக்குக் கல்யாணம், துணி எடுக்கச் சென்னைக்குப் போகிறார்கள் என்றால், கார்டை அவர்களிடம் கொடுத்துவிட்டு அதே தொகையைப் பணமாக வாங்கிக்கொள்ளலாம். அவர்களுக்கும் நஷ்டமில்லை, நமக்கும் இல்லை. இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. நம் வீடுகளில் மொய்ப் பாத்திரம் இரண்டு வந்துவிட்டால் ஒன்றை மாற்றிக்கொள்வதில்லையா?

மொய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது கல்யாணத்தில் கவருக்குள் கார்டு வைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மொய் நோட்டில் எழுதும்போது தொகையோடு கடைசித் தேதியையும் குறித்து வையுங்கள். நாம் திருப்பிச் செய்யப்போவது அந்தத் தொகையை. கல்யாண வேலை முடிந்து கவர்களைப் பிரிக்கவே மூன்று மாதம் ஆகும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

தெரியாதவரிடம் விற்பது வேறு கதை. எண்ணும் பின் நம்பரும் தெரிந்தால் போதும், கார்டு கையில் இல்லாமலே பணத்தைக் காலி செய்துவிடலாம். “சுரண்டி போட்டோ அனுப்புங்க, உடனே பணம் போடறேன்” என்று வாட்ஸாப்பில் கேட்பவருக்குக் கார்டை அனுப்பி ஏமாந்த ஒரு கல்லூரி மாணவன் காட்பாடியிலிருந்து வந்தான். இன்னொரு மோசடியும் இருக்கிறது. மேலதிகாரியின் படத்தை வைத்துக்கொண்டு, “மீட்டிங்கில் இருக்கிறேன், அவசரமாகக் கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்பு” என்று செய்தி வரும். அதிகாரியின் பழைய எண்ணுக்கே போன் செய்து கேட்டுவிடுங்கள். ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் தடுக்க வாய்ப்பு உண்டு.

அப்புறம் நிறுவனங்களை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் மற்றும் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். தீபாவளிக்கு நிர்வாகத்தினர் ஒரு பெரிய கடையின் கார்டை அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கடையின் கிளை சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறது. வேலூரிலிருந்து சென்னைக்குச் சுமார் 140 கிலோமீட்டர். 1,000 ரூபாய்க் கார்டுக்காக ஒரு பெண் ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாரா? அந்தக் கார்டு வீணாவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கார்டு வாங்குவதற்கு முன்னால் தொழிலாளிகளில் நான்கு பேரைக் கூப்பிட்டு, “எந்தக் கடைக்குப் போவீங்க?” என்று கேட்டால் போதும். நிறுவனம் போடும் அதே பணம் அரிசியாகவும் எண்ணெயாகவும் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

தானமாகக் கொடுக்க நினைப்பவர்கள் கார்டாகக் கொடுக்காமல் பொருளாக மாற்றிக் கொடுப்பது நல்லது. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகின்றன. என்ன வேண்டும் என்று அவர்களிடமோ லாட்ஜ் மேலாளரிடமோ கேளுங்கள். பிளாஸ்க், போர்வை, பக்கெட், பருப்பு என்று சொல்வார்கள். ஒரு சூப்பர் மார்க்கெட் கார்டில் இதெல்லாம் வாங்கிவிடலாம்.

தேதி இருந்தும் கடைக்காரர் கார்டை ஏற்க மறுத்தால், மறுத்ததற்கான ஆதாரத்தை அங்கேயே வாங்குங்கள். எழுதித் தராவிட்டால் அன்றே அவர்கள் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். தேதி முடிந்த கடைக் கார்டாக இருந்தாலும் பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதிப் பாருங்கள். ஒருமுறை நீட்டித்துத் தரும் கடைகள் உண்டு.

ஆசிரியையின் 19 நாள் கார்டை அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் 2,000 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டார். சூப்பர் மார்க்கெட் கார்டை அவரே வேலூருக்கு வந்து செலவழித்துவிட்டார். வங்கிக் கார்டுக்கான கடிதத்தை என் அலுவலகத்தில் உட்கார்ந்து அவரே தன் கையால் எழுதினார், மகளுக்கும் ஒரு நகல் அனுப்பினார். காலாவதியான கடைக் கார்டுக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது, பதிலுக்குக் காத்திருக்கிறோம்.