ரோல் பாரில் வெல்டிங் வைக்காதீர்கள்: மினி டிராக்டரில் டூல் பாக்ஸ் மாட்டும் முன் படியுங்கள்

இந்த வாரம் மறுபடியும் ஒன்று சர்வீஸுக்கு வந்தது. 24 எச்.பி. மினி டிராக்டர். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்க சீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரும்புச் சட்டமான ரோல் பாரின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஆங்கிள் வைத்து வெல்டிங் அடித்து, அதன்மேல் ஓர் இரும்புப் பெட்டி. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. பெயிண்ட்கூட கம்பெனி நிறத்திலேயே அடித்திருந்தார்கள். ரோல் பார்தான் போய்விட்டது.

பெட்டியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கம்பெனி கொடுக்கும் டூல் பாக்ஸில் நாலு ஸ்பேனர் வைத்தால் மூடி மூடாது. காட்டுக்குப் போன இடத்தில் கருவியைக் கழலாமல் பிடிக்கும் ஒரு லிஞ்ச் பின் தொலைந்தால் அரை நாள் வேலை போகும். அதனால் என்ன செய்கிறார்கள்? எல்லாவற்றையும் ஒரு சிமெண்ட் சாக்கில் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்கிறார்கள். வெல்டிங்கைவிட இதுதான் தினசரி ஆபத்து. சாக்கிலிருந்து நழுவும் ஒரு ரிங் ஸ்பேனர் பிரேக் பெடலுக்கு அடியில் போய் நின்றால் பெடல் பாதியிலேயே நின்றுவிடும். வரப்பு இறங்கும்போது குனிந்து அதை எடுக்க நேரம் கிடைக்காது. காலடியில் எதுவும் கிடக்கக் கூடாது, தண்ணீர் பாட்டில் உட்பட.

சரி, ரோல் பாருக்கு வருவோம். "இவ்ளோ கனமான இரும்பு, ரெண்டு இஞ்ச் வெல்டிங்குக்கு என்ன ஆயிடப் போகுது?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இருந்தாலும் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ரோல் பார் வீட்டுத் தூண் மாதிரி அசையாமல் நிற்பதற்காகச் செய்யப்பட்டது அல்ல. வண்டி கவிழும்போது அது வளைய வேண்டும். வளைவதில்தான் விழுந்த வேகம் செலவாகிறது. வளைந்த பிறகும் ஓட்டுபவரின் உடம்பு இருக்கும் இடத்துக்குள் வராமல் நிற்க வேண்டும். எங்கே வளையும், எவ்வளவு வளையும் என்று கணக்குப் போட்டு, ஒரு மாதிரியைச் சோதனைக்கூடத்தில் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் தள்ளிப் பார்த்து, மேலிருந்து அழுத்தியும் பார்த்த பிறகே அந்த வடிவம் விற்பனைக்கு வருகிறது. ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் டிராக்டர் சோதனை விதிப்படி மேலிருந்து தரும் அழுத்தம், வண்டி எடையில் கிலோவுக்கு 20 நியூட்டன். ஏறக்குறைய வண்டியைப் போல இரண்டு மடங்கு எடை. அந்தச் சோதனையில் தேறியது வெல்டிங் இல்லாத, துளை இல்லாத குழாய். உங்கள் பட்டறையில் மாற்றிய குழாயை யாரும் சோதிக்கவில்லை.

வெல்டிங் அடித்தால் தையலை ஒட்டிச் சூடேறிய இரும்பு பழைய குணத்தில் இருக்காது. சீராக வளைய வேண்டிய குழாய் அந்த ஓரத்தில் விரிசல் விட்டுப் பிளக்கும். கண்ணால் பார்த்தால் எதுவும் தெரியாது; கவிழும் நாளில்தான் தெரியும். "அப்போ வெல்டிங் வேணாம், டிரில் போட்டு போல்ட் மாட்டிக்கறேன்" என்பார்கள். அதுவும் கூடாது. ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் சின்ன வெட்டு எதற்கு இருக்கிறது? இழுத்தால் அங்கிருந்து கிழியத்தான். குழாயில் போட்ட 10 மி.மீ. துளையும் அதே வேலையைச் செய்யும்.

மூன்றாவது வாதம் இன்னும் மோசம்: "ஆங்கிள் வெச்சு பலப்படுத்தித்தானே இருக்கேன்!" ஓர் இடத்தை விறைப்பாக்கினால் வளைவு அங்கிருந்து வேறு இடத்துக்கு நகரும். நடுவில் விறைத்துவிட்டால் முழு முறுக்கும் அடியில், ஆக்ஸிலோடு சேரும் பிளேட்டுக்கும் போல்ட்டுக்கும் போகும். எந்தக் கம்பெனியின் கையேட்டை வேண்டுமானாலும் புரட்டுங்கள். ரோல் பாரில் வெல்டிங், டிரில்லிங், வளைத்தல், நிமிர்த்தல் எதுவும் கூடாது என்று எழுதியிருக்கும்.

(வெயிலுக்குப் போடும் கூரைச் சட்டம் ரோல் பார் அல்ல. பலர் அதை நம்பி மேட்டில் ஏறுகிறார்கள். ரோல் பார் நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் போடாவிட்டால் அதன் முழுப் பயன் கிடைக்காது. தூக்கி எறியப்பட்டு அதற்கு அடியிலேயே விழ நேரலாம். மடக்கும் வகை ரோல் பாரை மடித்துவிட்டு ஓட்டும்போது மட்டும் பெல்ட் வேண்டாம்.)

வேறு எங்கே மாட்டலாம்?

முதலில் எடை. 40 செ.மீ. நீளம், 20 அகலம், 20 உயரம் போதும். 1.6 மி.மீ. தகட்டில் செய்தால் வெறும் பெட்டி 5 கிலோ. "கெட்டியா இருக்கட்டும்" என்று 3 மி.மீ. தகட்டில் செய்தால் பெட்டி மட்டுமே 9 கிலோவைத் தாண்டும். இவ்வளவு சின்ன வண்டியில் அதை உயரத்தில், பின்னால் தொங்கவிட வேண்டுமா? பின்னால் ஏற்கெனவே மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் இருக்கிறது. முன்சக்கரம் லேசாகிக்கொண்டே போகும்.

அதனால் முன்பக்கம், பம்பரிலோ வெயிட் மாட்டும் பிராக்கெட்டிலோ போல்ட் போட்டு மாட்டுவது என் முதல் சிபாரிசு. நிபந்தனை ஒன்றுதான்: கிரில்லை மறைக்கக் கூடாது. மினி டிராக்டரின் ரேடியேட்டர் சின்னது. தூசியும் சருகும் ஏற்கெனவே பாதியை அடைத்திருக்கும். பெட்டியின் மேல்விளிம்பு கிரில்லின் கீழ்விளிம்புக்குக் கீழே நிற்கட்டும். பானெட் முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத் துளை போடுங்கள். முன் ஆக்ஸில் நடுப்பின்னில் ஆடும் என்பதை மறந்து பெட்டியைக் கீழே இறக்கினால் முதல் வரப்பிலேயே நசுங்கும்.

அடுத்த இடம் மட்கார்டு. அது மெல்லிய தகடு. நேரடியாக போல்ட் போட்டால் அதிர்வில் துளையைச் சுற்றிக் கிழியும். மேலே பெட்டி, கீழே பெட்டியின் அளவுக்கு 3 மி.மீ. பிளேட், நடுவில் மட்கார்டு என்று சாண்ட்விச்சாகப் பிடிக்க வேண்டும். நாலு எம்8 போல்ட், 8.8 கிரேடு, பெரிய வாசர், நைலாக் நட்டு. போல்ட் தலை கீழேயும் நட்டு மேலே பெட்டிக்குள்ளும் வரட்டும். நீண்ட போல்ட் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் சேற்றோடு சுற்றும் டயர் அதில் உரசும். டிரில் வைக்கும் முன் அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள்: வயரிங், ஹைட்ராலிக் பைப், சில மாடல்களில் டீசல் டேங்க்கூட அங்கே இருக்கும். ஏறும் பக்கத்து மட்கார்டு வேண்டாம், பிடிமானம் போய்விடும். பெட்டி சக்கரத்தின் வெளிவிளிம்பைத் தாண்டி நீட்டவும் கூடாது. திராட்சைப் பந்தலிலும் தென்னை வரிசையிலும் ஓட்டுபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெட்டி வைத்துவிட்டால் மட்கார்டில் ஆள் உட்கார இடமிருக்காதே என்று கவலைப்படுபவர்களுக்கு: அங்கே ஆள் உட்காரவே கூடாது.

ரோல் பாரில்தான் மாட்ட வேண்டும் என்றால் உங்கள் மாடலில் அதற்கு அனுமதி உண்டா என்று கையேட்டிலும் டீலரிடமும் கேளுங்கள். அனுமதி இருந்தால் சதுர யூ போல்ட், 5 மி.மீ. பின்பிளேட், இடையில் 3 மி.மீ. ரப்பர் ஷீட் வைத்துப் பிடிக்கலாம். மடக்கும் மூட்டுக்குக் கீழே, உள்ளிருப்போடு சேர்த்து 10 கிலோவுக்குள். ரோல் பாரின் அடி போல்ட்டைக் கழற்றி அதிலேயே பிராக்கெட்டைச் செருகும் 'குறுக்குவழி' வேண்டாம். அந்த போல்ட்டின் நீளமும் டார்க்கும் (எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு) கணக்குப் போட்டு வைத்தவை.

சீட்டுக்குப் பின்னால், பி.டி.ஓ.வுக்கு (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் ஷாஃப்ட்) நேர் மேலே பெட்டி வைப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். எஞ்சின் ஓடும்போது யாராவது பின்னால் வந்து பெட்டிக்குள் கை விடுவார்கள். 540 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 9 சுற்று. துண்டின் நுனி ஷாஃப்டில் சிக்கிய பிறகு இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. பெட்டிக்கு இடம் வேண்டுமென்று பி.டி.ஓ. கவரைக் கழற்றி எறிந்தவர்களும் உண்டு. என்ன சொல்வது! பெட்டி எங்கே இருந்தாலும் இம்ப்ளிமெண்டை (பின்னால் மாட்டிய கருவி) முழுதாகத் தூக்கி, அதன் மேல் இணைப்புக் கம்பியான டாப் லிங்கைக் குறுக்கிப் பார்த்து, பெட்டிக்கும் அதற்கும் நடுவில் குறைந்தது 10 செ.மீ. இடைவெளி இருப்பதை உறுதி செய்யுங்கள்.

வெல்டிங் வேலையைப் பெட்டியோடும் பிராக்கெட்டோடும் கீழேயே முடித்துக்கொள்ளுங்கள். வண்டியில் மாட்டியபடி அடித்தால் ஆல்டர்னேட்டர் டயோடும் டிஜிட்டல் மீட்டரும் போகும். 50 எச்.பி.க்குக் கீழே உள்ள வண்டியில் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கிடையாது என்பது உண்மை. அதற்காக இவை தப்பிக்காது. எர்த் கிளிப்பைத் தொலைவில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதையும் அரிக்கும்.

பெட்டிக்குள் தரையில் ரப்பர் மேட், மூலைகளில் 6 மி.மீ. வடிகால் துளை. மூடிக்கு இழுத்துப் பூட்டும் லாட்சோடு ஓர் ஆர் பின்னும் போடுங்கள். லாட்ச் மட்டும் அதிர்வில் தாங்காது. மூடி திறந்து ஸ்பேனர் வயலில் விழுந்தால் நஷ்டம் ஸ்பேனரோடு முடியாது. அடுத்த உழவில் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்றும் ரொட்டவேட்டர் கத்தி அதைத் தூக்கி எறியும், யார் மேல் என்று சொல்ல முடியாது.

உள்ளே என்ன வேண்டும்? 10 முதல் 19 வரை ஸ்பேனர், ரொட்டவேட்டர் கத்தி போல்ட்டுக்கான ஸ்பேனர், ஒரு கட்டிங் பிளேயர், சின்னச் சுத்தியல், லிஞ்ச் பின் நாலு, ஸ்பிலிட் பின், ஃப்யூஸ், டயர் காற்று கேஜ். ஷியர் போல்ட் (சுமை மிஞ்சினால் தானே உடைந்து கியர் பாக்ஸைக் காக்கும் போல்ட்) உள்ள ஷாஃப்ட் என்றால் அதே அளவு, அதே கிரேடில் மூன்று போல்ட். கையில் கிடைத்த கெட்டி போல்ட்டைப் போட்டால் போல்ட் உடைவதற்குப் பதில் கியர் பாக்ஸ் உடையும். கிரீஸ் கன்னைப் பெட்டிக்குள் திணிக்காமல், 90 மி.மீ. பி.வி.சி. குழாயில் ஒரு துண்டு வெட்டி அடியில் மூடி போட்டுத் தனியாகக் கிளாம்ப் செய்யுங்கள். பெட்ரோல், பூச்சிமருந்து, களைக்கொல்லி எதுவும் இந்தப் பெட்டிக்குள் வரக் கூடாது. பேட்டரிக்கு மேலேயோ பக்கத்திலோ பெட்டி வேண்டாம். இரண்டு டெர்மினல் மேலும் ஒரு ஸ்பேனர் விழுந்தால் அது பழுக்கக் காய்ந்துவிடும்.

மாட்டிய பின் 10 மணி நேர ஓட்டத்தில் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கும்போது பார்த்தால் போதும்.

ஏற்கெனவே ரோல் பாரில் வெல்டிங் வைத்துவிட்டீர்களா? தயவுசெய்து கிரைண்டரில் சீவி, பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். வெட்டிய இடம் இன்னும் மெலியும், அடுத்து வாங்குபவருக்கு விஷயமே தெரியாது. டீலரிடம் உங்கள் மாடல் எண்ணைச் சொல்லி முழு ரோல் பாரையும் அதன் போல்ட் செட்டையும் மாற்றுங்கள். புதியது வரும்வரை வாய்க்கால் கரையிலும் சரிவிலும் அந்த வண்டியை ஏற்ற வேண்டாம்.