நுரையீரலுக்குள் போன ஒப்பனை

பட்டி எப்சன் என்ற அமெரிக்க நடிகரை என் நோயாளிகளிடம் அடிக்கடி பேச்சுக்கு இழுப்பேன். 1930களில் நடனக்காரர், 1960களில் தொலைக்காட்சியில் திடீர்ப் பணக்காரரான மலைநாட்டுக்காரர், 1970களில் துப்பறிவாளர் என்று பலவித வேடம் கட்டியவர். ஆனால் 1990களில் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து எழுதிய நூலுக்கு, தம் முகமே இல்லாத ஒரு படத்தைத் தொட்டுத்தான் தலைப்பு வைத்தார்.

1938இல் ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில் அவருக்குத் தகர மனிதன் வேடம். வெள்ளைப் பூச்சின் மேல் அலுமினியத் தூளைத் தூவினார்கள். சில நாட்களில் தசைப்பிடிப்பு, மூச்சிரைப்பு. ஓர் இரவு மூச்சை இழுத்தும் காற்று உள்ளே போன உணர்வே இல்லை. மருத்துவமனையில் ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டியதாயிற்று. அவருக்குப் பதிலாக வந்த ஜாக் ஹேலிக்கு அலுமினியத்தைப் பசையாகக் குழைத்துப் பூசினார்கள். அவருக்குக் கண்ணில் தொற்று வந்தது. மூச்சுக்கு ஆபத்து வரவில்லை. எப்சனின் குரல் மட்டும் அந்தப் படத்தின் கூட்டுப் பாடலில் தங்கிவிட்டது.

நுரையீரல் மருத்துவராக என் கண் அந்தப் பசையின் மேல்தான். உலோகம் மாறவில்லை, பறப்பது நின்றது. பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் பிடித்துவிடும். சுமார் 5 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான்) சிறியவை நுரையீரலின் கடைசியில் உள்ள காற்று நுண்ணறை வரை இறங்கும். தோலுக்குப் பாதுகாப்பானது என்று டப்பாவில் போட்டிருந்தால், அது தோலைப் பற்றிய பேச்சு மட்டுமே.

பள்ளி ஆண்டு விழா, திருவிழா வேடம் முடிந்து இருமலோடு வருகிறவர்களிடம் எதைப் பூசினீர்கள் என்பதைவிட எப்படிப் பூசினீர்கள் என்றே முதலில் கேட்கிறேன். மின்விசிறி சுழலும் அறையில் வெள்ளித் தூளைப் பஞ்சால் தட்டியிருப்பார்கள். கைவினைப் பொருட்களுக்கான உலோகத் தூளும் ஜிகினாவும் முகத்துக்கு வேண்டவே வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குப் பசை ஒப்பனையே போதும். இன்ஹேலர் ஆசிரியர் கையில் இருக்கட்டும்.

பவுடர் டப்பா கைக்குழந்தையின் முகத்தில் கொட்டிவிட்டால், சிரித்து விளையாடுகிறதே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். திணறல் சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வேகமாகி விலா உள்வாங்கினாலோ உதடு நீலமானாலோ 108ஐ அழையுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்து வாருங்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.