நூலகத்துக்கு வந்த ஜாஸ் படங்களும் அலுமாரியில் கிடக்கும் கசெற்றுகளும்

எங்கள் நூலகத்தின் இறுவட்டுப் பகுதிக்கு இந்த முறை, அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசையின் நிகழ்ச்சிப் படங்களும் ஆவணப்படங்களும் வந்திருக்கின்றன. கிளிநொச்சியில் இதை யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று சிலர் கேட்டார்கள். கோயில் திருவிழாவில் விடியவிடிய நின்று தவில் சமா கேட்ட எவரும் பார்க்கலாம் என்பதுதான் என் பதில். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிப்பார், கணக்கு முடிகிற இடத்தில் இரண்டு தவிலும் சேர்ந்து விழும். ஜாஸிலும் தெரிந்த மெட்டு ஒன்று இருக்கும். அதன்மேல் அந்த நேரத்தில் மனதில் எழுவதை ஒவ்வொருவராக வாசிப்பார்கள். நாளைக்கு அதே மெட்டு வேறு மாதிரி வரும். ஒருவர் மற்றவருக்கு இடம் விடும் கண்சாடையும் தலையசைப்பும் ஒலிப்பதிவில் கிடைக்காது. அதற்காகவாவது ஜாஸைப் படத்தில் பார்க்க வேண்டும்.

முதலில் எதைப் பார்ப்பது? 'ஜாஸ் ஆன் எ சமர்ஸ் டே'. 1958இல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் பேர்ட் ஸ்டேர்ன் எடுத்தது. அவர் புகைப்படக்காரர், அது படத்தில் தெரியும். மேடையைக் காட்டுகிற அளவுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் முகங்களையும் காட்டுகிறார். விளக்கவுரை என்று பெரிதாக எதுவும் இல்லை. பியானோக் கலைஞர் தெலோனியஸ் மொங்க், பாடகி அனிட்டா ஓ'டே, ட்ரம்பெட் வாசிக்கும் லூயி ஆம்ஸ்ட்ரோங் எல்லோரும் வருகிறார்கள். கடைசியில் மஹாலியா ஜாக்சன் பாடும் பக்திப் பாடல்களுக்கு மொழி தெரியத் தேவையில்லை. ஒரு வேண்டுகோள், கைத்தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். டபிள் பாஸ் என்ற பெரிய தந்திவாத்தியத்தின் தாழ்ந்த ஒலி அதில் அநேகமாகக் கேட்காது. காதில் மாட்டும் ஹெட்போன் போதும்.

எங்களுக்கு நெருக்கமான கதை 2018இல் வந்த 'த ஜாஸ் அம்பாசடர்ஸ்' ஆவணப்படத்தில் இருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசு ஜாஸ் கலைஞர்களைத் தூதுவர்களாக உலகம் சுற்ற அனுப்பியது. அப்படி 1958இல் பியானோக் கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு இலங்கைக்கு வந்தது. 1963இல் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டன் வந்தார். வெளிநாட்டில் தங்கள் நாட்டின் சுதந்திரத்துக்கு அடையாளமாக நிறுத்தப்பட்ட கறுப்பினக் கலைஞர்கள், சொந்த நாட்டின் தென்மாநிலங்களில் வெள்ளையர் தங்கும் ஹோட்டலுக்குள் நுழைய முடியாத காலம் அது. 1957இல் லிட்டில் ரொக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பாடசாலைக்குள் விடாமல் மாநில ஆளுநர் படையை நிறுத்தினார். ஆம்ஸ்ட்ரோங் அமெரிக்க ஜனாதிபதியையே பகிரங்கமாகக் கண்டித்தார், அரசின் சார்பில் போகவிருந்த சோவியத் பயணத்தையும் கைவிட்டார். உயர்தரத்தில் வரலாறோ அரசியல் விஞ்ஞானமோ படிக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இந்தப் படத்தைத்தான்.

இந்தப் படங்களில் சில நமக்குக் கிடைத்ததே பெரிய விஷயம். மொங்கைப் பற்றிய 'ஸ்ட்ரெயிட், நோ சேஸர்' 1988இல் வந்தது. அதன் உயிரான காட்சிகள் 1967, 68இல் ஜேர்மன் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டவை. 'சமர் ஒஃப் சோல்' கதை இன்னும் நீளம். 1969 கோடையில் நியூயோர்க்கின் ஹார்லெமில் நடந்த இலவச இசைவிழா அது. பாடகி நீனா சிமோன், டிரம்ஸ் கலைஞர் மக்ஸ் ரோச், பாடகி அபி லிங்கன் போன்றோர் பங்கெடுத்தார்கள். தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஹல் டுல்சின் அதை ஏறத்தாழ 40 மணிநேரம் பதிவு செய்து வைத்தும் வாங்க ஆளில்லை. ஐம்பது வருடங்களாக அந்தப் பதிவின் பெரும்பகுதியை வெளியுலகம் பார்க்கவில்லை. 2021இல் படமாக வந்து, அடுத்த வருடம் ஒஸ்கார் பெற்றது. யாரோ ஒருவர் எறியாமல் வைத்திருந்தார், அதனால் நாம் பார்க்கிறோம்.

வன்னியிலும் ஜெனரேற்றரில் டெக் (வீடியோ கசெற் ஓட்டும் கருவி) ஓட்டிய காலத்தில் வீடியோ எடுத்தவர்கள் இருக்கிறார்கள். கோவலன் கூத்து, வற்றாப்பளைப் பொங்கல், திருவிழாத் தவில் கச்சேரி, பாடசாலை நாடகம் என்று பலதும் கசெற்றில் ஏறின. இடப்பெயர்வுகளில் தொலைந்தவை போக மிஞ்சியவை இன்னும் சில வீட்டு அலுமாரிகளில் இருக்கின்றன. அவற்றுக்குக் காலம் அதிகம் இல்லை. காந்த நாடாவில் காந்தத்துகளைப் பிடித்துவைக்கும் பசை, எங்கள் வெக்கையிலும் மாரிகாலத்து ஈரத்திலும் இளகிப்போகும். ஓட்டிப் பார்க்க டெக்கும் கிடைப்பதில்லை. கடைசியாக அதைச் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது.

கசெற் கண்ணில் பட்டால் உடனே டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் கசெற்றில் உள்ள சின்னச் சன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளைத் தூளோ நூலோ படிந்திருந்தால் அது பூஞ்சணம். போட்டால் நாடா அறுந்துபோகலாம், டெக்கிலும் பூஞ்சணம் ஒட்டி அடுத்த கசெற்றுக்குப் பரவும். சுத்தமாக இருந்தால், விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள், பிறகு யாரும் தவறுதலாக அதன்மேல் பதிவுசெய்ய முடியாது. புத்தகம் மாதிரி நிமிர்த்தி, ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். கணினிக்கு மாற்றிய பிறகும் மூலத்தை எறிய வேண்டாம். பிரதி இரண்டு, இரண்டும் வேறு வேறு வீட்டில்.

இரவல் எடுப்பவர்களுக்கும் ஒன்றிரண்டு விஷயம். இறுவட்டை வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடையுங்கள், மேலே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். இவை வீட்டில் பார்ப்பதற்கென வெளியிடப்பட்டவை. பாடசாலையிலோ சனசமூக நிலையத்திலோ திரையிட விரும்பினால் முதலில் எங்களிடம் கேளுங்கள். அதற்கு உரிமையாளரின் அனுமதி தேவைப்படலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படங்களுக்கும் பொருந்தும்.

பழைய கசெற்றை நூலகத்துக்குக் கொண்டுவந்தால் பூஞ்சணம் இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம். வரும்போது, அதில் ஆடுகிற, வாசிக்கிற ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய ஒரு பெரியவரையும் கூட்டி வாருங்கள். அண்ணாவியார் யார், எந்த ஊர், எந்த வருடம் என்பதை அன்றைக்கே எழுதிக்கொள்ளலாம்.