பொலோனேஸ்: தமிழில் உலாநடை

போலந்து இசையமைப்பாளர் ஷோப்பேனின் பியானோ இசையைக் கேட்கத் தொடங்கினால் 'பொலோனேஸ்' என்ற சொல் சீக்கிரமே எதிர்ப்படும். பிரெஞ்சில் அதற்கு 'போலந்து நாட்டு' என்று பொருள், அவ்வளவுதான். அதனால் 'போலந்து நடனம்' என்று மொழிபெயர்த்தால் தப்பில்லை, ஆனால் பத்தாது. மசுர்காவும் போலந்து நடனம்தானே?

போலந்துக் கிராமத்தார் இதற்கு வைத்திருந்த பெயர்களில் ஒன்று 'ஹோட்ஸோனி', அதாவது நடந்து ஆடுவது. ஜோடி ஜோடியாகக் கைகோத்து, முதல் ஜோடி வழிகாட்ட, முழங்காலை லேசாக மடித்து மடித்து நிதானமாக வருவார்கள். பிரபுக்களின் மாளிகைக்குப் போனதும் அதுவே விருந்தைத் தொடங்கிவைக்கும் ஊர்வலமாகிவிட்டது, இன்றும் போலந்துப் பள்ளி மாணவர்கள் இறுதித் தேர்வுக்குச் சுமார் 100 நாள் முன்பு நடக்கும் விருந்தை இதை ஆடித்தான் தொடங்குகிறார்கள்.

ஊர்வலத்துக்கு நம்மிடம் 'உலா' இருக்கிறது, அரசன் பவனி வருவதைப் பாட ஒரு சிற்றிலக்கியமே உண்டு. அதோடு 'நடை' சேர்த்து 'உலாநடை' என்கிறேன். கால் நடப்பதும் நடை, தாளத்தின் போக்கும் நடை. மூன்று எண்ணிக்கைத் தாளம் இது, 'தாம் தக தாம் தாம் தாம் தாம்' என்று வாயால் சொல்லிப் பார்த்தால் அந்த மிடுக்கு உடனே பிடிபடும். சில பொலோனேஸ்களின் தலைப்பில் ஒட்டிவரும் 'பிரில்லான்ட்' என்ற அடைமொழியை 'ஒளிமயமான' என்று எழுதாதீர்கள், வாசிப்பவரின் திறமை ஜொலிக்க வேண்டும் என்பதுதான் அங்கே சேதி. 'கைவண்ண உலாநடை' என்றால் சரியாக வரும்.

அப்புறம் ஷோப்பேன் 1842இல் எழுதிய ஏ பிளாட் மேஜர் பொலோனேஸ், ஓபஸ் (படைப்பு எண்) 53. நடுவில் ஓர் இடத்தில் இடக்கை கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, ஒரே நான்கு சுரங்களை ஆக்டேவ்களாக (ஒவ்வொரு சுரத்தையும் அடுத்தடுத்த இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து), மேலிருந்து கீழே, திரும்பத் திரும்ப, மெல்லத் தொடங்கி இடிபோல வளரும்வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், மணிக்கட்டு கடுத்துப்போகும். யாரும் ஆடுவதற்காக எழுதியதல்ல இது, மேடையில் விரல் வித்தை காட்ட வாய்ப்பான உருப்படி, இதற்குப் போய் 'நடை' என்ற பெயர் பொருந்துமா என்று எனக்கே சந்தேகம் இருந்தது. ஆனால் பியானோ கலைஞர் சார்லஸ் ஹாலே தன் நினைவுகளில் ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்: ஷோப்பேன் ஒருநாள் ஹாலேயின் தோளில் கைவைத்து, இதே பொலோனேஸை யாரோ வேகமாக வாசிக்கக் கேட்டு மனம் நொந்துபோனதைச் சொன்னாராம். அவருக்கே அது ஓட்டமல்ல, நடைதான்.